கண்ணாடி போட்ட பிணம்

முதலில் படத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். 'முள்ளுக்காட்டில் எழுவர்' என்று பெயர். பெயரைப் படித்ததுமே ஏழு பேரில் ஆறு பேர் செத்துவிடுவார்கள் என்று நினைத்திருப்பீர்கள். நினைத்தது சரிதான். திருமயம் தாண்டி நெடுஞ்சாலையில் ஒரு வேன் நின்றுவிடுகிறது. கல்லூரிக் கூட்டம் ஒன்று இறங்குகிறது. ஒருவர் போனிலும் சிக்னல் இல்லை. படம் எடுத்த இடத்தில் சிக்னல் எப்படி இருந்தது என்றால், சாப்பாட்டு இடைவேளையில் எல்லாப் பிணங்களும் மரத்தடியில் உட்கார்ந்து ரீல்ஸ் பார்த்துக்கொண்டிருந்தன. சரி, கதைக்கு வருகிறேன். எல்லாரும் கருவை முள் காட்டுக்குள் நடக்கிறார்கள். உள்ளே பாழடைந்த மாதா கோயில் ஒன்று. என்றைக்கோ கொள்ளைநோயில் செத்து அங்கே புதைக்கப்பட்டவர்கள் எழுந்து வருகிறார்கள்.

ஜோக் அடிக்கிறவன் முதலில் சாவான். ஒன்றுக்குப் போகிறவன் அடுத்தது. "நீங்க இருங்க, நான் போய்ப் பாத்துட்டு வாரேன்" என்கிறவன் வரவே மாட்டான். அடுத்த மாதம் எனக்குக் கல்யாணம் என்று ஒருத்தி சொன்னதும் அவள் கணக்கும் முடிந்துவிடும். கடைசியில் கதாநாயகி மட்டும் தப்பி ஓடி வந்து சாலையில் ஒரு லாரியை நிறுத்துவாள். டிரைவர் மெதுவாகத் திரும்புவான். அவன் முகம் எப்படி இருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இந்த மாதிரிப் படத்தை எங்கள் அப்பாவோடு உட்கார்ந்து பார்ப்பது தனி இம்சை. அப்பா பெயர் மரியசூசை. விவசாயம் பார்க்கிறார். ஆவூர் பக்கத்தில் எங்கள் ஊர். எந்தப் படமானாலும் கொஞ்ச நேரத்தில் கதையைக் கண்டுபிடித்துவிடுவார். கண்டுபிடித்தால் மனதுக்குள் வைத்துக்கொள்ளலாம் இல்லையா, அதுதான் கிடையாது. "இந்தா, இந்தத் தாடிக்காரன்தான் கடைசியில வில்லன்" என்று தெருவுக்கே கேட்கச் சொல்வார். அது சரியாகவும் இருந்து தொலைக்கும். "கதையச் சொல்லாதீங்கப்பா" என்று விவரம் தெரிந்த நாளிலிருந்து கத்திக்கொண்டிருக்கிறேன். ஒரு தடவை கோபத்தில் சோற்றுத் தட்டோடு எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டேன். அங்கேயும் வந்து நிலைப்படியில் நின்று முடிவைச் சொல்லிவிட்டுப் போனார்.

அந்தப் படத்தில் நானும் நடித்திருக்கிறேன். பிணமாக.

இயக்குநர் உதயசூரியன் புதுக்கோட்டைக்காரர். கல்யாண வீடியோ எடுத்து எடுத்து அலுத்துப்போய் சினிமாவுக்கு வந்தவர். பிணங்களுக்கு ஆள் வேண்டும் என்று எங்கள் ஊருக்கும் பக்கத்து ஊருக்கும் சொல்லி அனுப்பினார். பிரியாணிப் பொட்டலம் உண்டு என்றதும் ஒரு டிராக்டர் நிறையப் பிணங்கள் கிளம்பின. பச்சரிசி மாவைக் குழைத்து முகத்தில் அப்பி, மேலே பீட்ரூட் சாறு தெளித்தார்கள். வெயிலில் காய்ந்ததும் எறும்பு வந்தது. எறும்பு கடித்தாலும் சொறியக்கூடாது, என்ன ஆனாலும் பேசக்கூடாது, உறுமலாம் என்று மைக்கில் உத்தரவு போட்டார்.

என்னை மட்டும் கண்ணாடியைக் கழற்றச் சொன்னார். கழற்றினால் எனக்குக் கதாநாயகன் எது, கருவை மரம் எது என்று தெரியாது. நான் புதுக்கோட்டையில் கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறவள். வருகிறவர்கள் கண்ணுக்கு முன்னால் லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டு, "இது தெளிவா இருக்கா, அது தெளிவா இருக்கா" என்று நாள் முழுக்கக் கேட்பதுதான் என் பிழைப்பு. மங்கல் என்றால் எனக்கு ஆகாது. "அண்ணே, அந்தக் காலத்துல கண்ணாடி போட்டவுக யாருமே சாகலையா?" என்று கேட்டேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, பின்வரிசைக்குப் போகச் சொன்னார்.

பின்வரிசையில்தான் எல்லாம் நடந்தது. கதாநாயகன் கோயிலுக்குள் ஓடி ஒளிந்துகொள்கிறான், பிணங்கள் துரத்திக்கொண்டு உள்ளே நுழைய வேண்டும். உறுமிக்கொண்டே போனோம். கோயில் படி வந்தது. முன்னால் போன பிணம் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனது. அடுத்த பிணமும் கழற்றியது. யாரும் யாருக்கும் சொல்லவில்லை. பாழடைந்து கிடந்தாலும் மாதா கோயில், செருப்புக் காலோடு எப்படிப் போவது? எங்கள் ஆட்கள் மட்டுமில்லை, பக்கத்து ஊர் இந்துப் பிணங்களும் கழற்றின. சில பிணங்கள் மிதிபடாமல் இருக்கட்டும் என்று ஓரமாக ஜோடி சேர்த்தும் வைத்தன. கதாநாயகன் முகத்தில் பயமே வரவில்லையே என்கிற கவலையில் உதயசூரியன் இதைக் கவனிக்கவில்லை.

கதாநாயகன் ஜன்னல் வழியாகக் குதித்து ஓடுவான், நாங்கள் வெளியே வந்து துரத்த வேண்டும். வந்தோம். துரத்துவதற்கு முன் அவரவர் செருப்பைத் தேடினோம். என் செருப்பின் வாரை யாரோ மிதித்து அறுத்துவிட்டிருந்தார்கள். வெளியே எங்கு பார்த்தாலும் கருவை முள். கேமரா ஓடிக்கொண்டிருந்தது. என்ன செய்வதென்று தெரியாமல் நின்றேன்.

அப்போது எனக்கு முன்னால் ஒரு பிணம் வந்து நின்றது. கோபிநாத். அன்னவாசலில் சவுண்ட் சர்வீஸ் வைத்திருக்கிறான். அவன் அப்பா நல்லதம்பிக்கும் எங்கள் அப்பாவுக்கும் அடுத்தடுத்த வயல், ஒரே போர்வெல், ஒரே டீக்கடை. கோபி எங்கள் கோயில் திருவிழாவுக்கு ஸ்பீக்கர் கட்ட வருவான். 'மைக் டெஸ்டிங்' தவிர அவன் பேசி அதுவரை நான் கேட்டதில்லை. அன்றைக்கும் அவன் பேசவில்லை. பேசக்கூடாது என்று உத்தரவு. தன் செருப்பைக் கழற்றினான். முட்டி போட்டான். என் காலைப் பிடித்து ஒவ்வொன்றாக மாட்டிவிட்டான். பிறகு எழுந்து, கையை முன்னால் நீட்டி, உறுமிக்கொண்டு வெறுங்காலோடு முள்ளுக்குள் ஓடினான். நான் அந்தப் பெரிய செருப்பை இழுத்துக்கொண்டு பின்னால் ஓடினேன். மாவுக்கு உள்ளே எனக்கு அழுகை வந்துவிட்டது. அன்றைக்கு ஆரம்பித்ததுதான்.

அதற்குப் பிறகு இரண்டு வருஷம் யாருக்கும் தெரியாமல் காப்பாற்றினோம். அவன் வீடு கருப்பருக்குக் கிடா வெட்டுகிற வீடு. எங்கள் வீடு சாயங்காலம் ஜெபமாலை சொல்லாமல் சோற்றில் கை வைக்காத வீடு. அப்பாவுக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். முதலில் புதுக்கோட்டை வேலை நிற்கும். அப்புறம் மணப்பாறைப் பக்கம் யாராவது வாத்தியார் மாப்பிள்ளை வருவார். ஏற்கனவே வந்த வரன்களை எல்லாம், மூக்கு சரியில்லை, வண்டியை வேகமாக ஓட்டுகிறான் என்று ஏதாவது சொல்லி அப்பாவே தட்டிக்கழித்துக்கொண்டிருந்தார். எல்லாம் மாதாவின் கிருபை என்று இருந்துவிட்டேன்.

அந்தச் செருப்பை மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தேன். மறுநாள் பார்த்தால் காணோம். நாய் தூக்கிப் போயிருக்கும் என்று விட்டுவிட்டேன். அந்தச் சமயத்தில்தான் அப்பாவுக்கும் நல்லதம்பிக்கும் பேச்சு நின்றுபோனது. போர்வெல் மோட்டார் தகராறு என்று ஊரில் சொன்னார்கள். தனித்தனி டீக்கடைக்குப் போனார்கள். கொஞ்ச மாதம் கழித்து என்ன நடந்ததோ, மறுபடியும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். நான் அதையும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. காதலிக்கிறவர்களுக்கு மற்றவர்கள் விஷயம் எங்கே கண்ணில் படுகிறது.

படம் தியேட்டருக்கு வந்தது. வந்த வேகத்தில் போனது. மாவு மாவாகத் தெரிகிறது என்று சென்னையில் யாரோ சொல்லப் போய், உதயசூரியன் படம் முழுவதையும் இருட்டாக்கியிருந்தார். சத்தம் கேட்டது, ஆள் தெரியவில்லை. பாதிப் பேர் கரண்ட் போய்விட்டது என்று நினைத்து வெளியே வந்துவிட்டார்கள். நான் அம்மாவோடு போயிருந்தேன். செருப்புக் காட்சி வந்தபோது திரையில் கன்னங்கரேல் என்றிருந்தது. ஒரு பக்கம் நிம்மதி. இன்னொரு பக்கம், சொன்னால் சிரிப்பீர்கள், பொங்கிப்பொங்கி வருத்தம். என் வாழ்க்கையில் நடந்த ஒரே நல்ல விஷயத்தைக் கேமரா வைத்து எடுத்திருக்கிறார்கள், அதை என்னால்கூடப் பார்க்க முடியவில்லை.

அத்தோடு போயிற்று என்றுதான் இருந்தேன். போன மாதம் உதயசூரியன் கடைக்கு வந்தார். முகமெல்லாம் பல்.

"தங்கச்சி, நம்ம படம் டிஸ்க்கா வந்திருச்சு."

ஏதோ ஒரு வெளிநாட்டில், உலகத்தில் எங்கெங்கே பிணங்கள் எழுந்து நடக்கிற படம் எடுத்தாலும் தேடிப் பிடித்து டிஸ்க் போடுகிற சின்னக் கம்பெனி ஒன்று இருக்கிறதாம். இவர் அவர்களுக்குப் படத்தை அனுப்பியிருக்கிறார். அவர்கள் பார்த்துவிட்டு, இருட்டு ஏதோ கோளாறு என்று நினைத்து, கேமராவில் எடுத்த அசலை அனுப்பச் சொல்லியிருக்கிறார்கள். வாங்கி, ஒவ்வொரு காட்சியாக வெளிச்சமாக்கி, அழுக்கெடுத்து, பளபளவென்று கொண்டுவந்துவிட்டார்கள். பெட்டி அவ்வளவு அழகு. கெட்டி அட்டை, உள்ளே சின்னப் புத்தகம், நீக்கிய காட்சிகள் தனியாக. எங்கள் படத்துக்கு இது கொஞ்சம் அதிகம்தான்.

"இதுல ஒரு அம்மா கட்டுரை எழுதியிருக்காங்க" என்று புத்தகத்தைப் பிரித்தார். "படத்துல எல்லாமே எதிர்பாத்த மாதிரியே நடக்குதாம். எவன் எப்பச் சாவான்னு மொதல்லயே தெரியுதாம். ஆனா ஒரே ஒரு எடம் மட்டும் உலகத்துல எந்தப் படத்துலயும் இல்லாததாம். பொணங்க கோயில் வாசல்ல செருப்பக் கழட்டுதுல்ல, அது."

"அத நீங்க வேணும்னேவா எடுத்தீங்க?"

"இப்ப வேணும்னே எடுத்ததுதான். செத்தாலும் பக்தி போகாதுன்னு டிஸ்க்குலயே பேசியிருக்கேன்." பெட்டியைத் திருப்பினார். "இன்னும் கேளு. இந்தப் படத்தோட உசுரே பின்னால நிக்கிற ரெண்டு பொணந்தான்னு எழுதியிருக்காங்க."

பெட்டியின் பின்புறம் ஒரு படம் இருந்தது. தீப்பெட்டி அளவுதான். ஆனால் நான் தொழில்காரி, எனக்கு அது போதும். ஒரு பிணம் முட்டி போட்டிருக்கிறது. அதன் முதுகில், பனியனில், 'செவந்தி சவுண்ட் சர்வீஸ், அன்னவாசல்' என்று கோபி அவன் அம்மா பெயரில் வைத்திருக்கும் கடைப் பெயர், கீழே போன் நம்பரோடு. எதிரே ஒரு பெண் பிணம் காலை நீட்டிக்கொண்டிருக்கிறது. மாவு அப்பிய மூக்கின் மேல் கண்ணாடி.

"ஞாயித்துக்கெழம பூசை முடிஞ்சதும் ஒங்க ஊரு மாதா கோயில் பங்கு மன்றத்துல எல்லாருக்கும் போட்டுக் காட்டப் போறேன். நடிச்ச சனம் பாக்க வேணாமா? ஒங்கப்பாட்டயும் நல்லதம்பி அண்ணங்கிட்டயும் டிஸ்க் வரப்போவுதுன்னு தெரிஞ்சப்பவே சொல்லிட்டேன். ரெண்டு பேரும் மொத வரிசையில எடம் போடச் சொல்லிட்டாங்க."

எங்கள் அப்பாவுக்கு இரண்டு கண்ணிலும் புரை இருந்தது. வருஷக்கணக்காக ஆபரேஷனுக்குக் கூப்பிட்டு எனக்குத் தொண்டைத்தண்ணீர் வற்றிப்போனது. முடியாது முடியாது என்றவர், பொங்கல் கழிந்து ஒருநாள் தானாகவே வந்து, "எப்பப் போகலாம்?" என்றார். என் பேச்சுக்கு மதிப்பு வந்துவிட்டது என்று நானே கூட்டிப்போய், நல்ல லென்ஸாகப் பார்த்து வைக்கச் சொல்லி, சொட்டு மருந்தும் போட்டுவிட்டேன். இப்போது அவருக்கு எதிர் வயல் கொக்கின் கால் தெரிகிறது.

சாயங்காலம் அன்னவாசலுக்கு பஸ் ஏறினேன். கோபி கடையில் புது புரொஜெக்டரைப் பிள்ளையைத் துடைக்கிற மாதிரித் துடைத்துக்கொண்டிருந்தான்.

"ஞாயித்துக்கெழம ஷோவுக்கு நீதானே?"

"ஆமா. உதயண்ணன் சொல்லிட்டாரு. இதுக்கு மொத ஷோ."

"அந்த எடம் வாரப்ப மட்டும் மங்கலாக்கிரு."

துடைப்பதை நிறுத்தினான். "ஷெரினு, இதுல கொசு கால் தெரியும். மொத ஷோவே மங்கல்னா எவன் அடுத்துக் கூப்பிடுவான்?"

"அப்ப எங்கப்பா பாக்கட்டும்கிற."

"ஒரு நா தெரியத்தானே போவுது."

"தெரியட்டும். அதுக்காக ஊரே ஒக்காந்திருக்க, செவரு அகலத்துக்குத் தெரியணுமா? ஒன் முதுகுல போன் நம்பர் வேற."

"அதப் பாத்து ரெண்டு ஆர்டர் வரும்" என்றான். நான் முறைத்ததும் தலையைக் குனிந்துகொண்டான். "சரி. ஃபோகஸ் வளையத்துல கைய வச்சிருக்கேன். அந்த எடத்துல திருப்பிருதேன்." பிறகு மெதுவாக, "எனக்கும் அதப் பாக்கணும்னுதான் இருந்துச்சு" என்றான். எனக்கும் அதே ஆசைதான் என்பதால் கோபம் இன்னும் கூடியது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் மன்றம் நிறைந்துவிட்டது. பங்குச் சாமியாரிடம் உதயசூரியன் முன்பே அனுமதி வாங்கியிருந்தார். "ஆபாசம் ஏதும் இல்லையே?" என்று அவர் கேட்க, "கொலை மட்டும்தான் சாமி" என்று இவர் சொல்ல, அனுமதி கிடைத்துவிட்டது. ஜன்னல்களில் தார்ப்பாய் கட்டியிருந்தார்கள். வாசலில் செருப்பு மலையாகக் கிடந்தது. அம்மா இந்த மாதிரிப் படம் ஓடினால் கண்ணை மூடிக்கொண்டு ஜெபமாலை உருட்டுகிறவர், அவரைப் பற்றிக் கவலையில்லை. முதல் வரிசையில் அப்பாவும் நல்லதம்பியும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். நான் அவர்களுக்குப் பின்னால் தூண் ஓரமாக உட்கார்ந்துகொண்டேன்.

தரம் எப்படி என்று என்னைக் கேட்டால், சண்டாளர்கள், குறை சொல்ல இடமில்லை. கருவை முள்ளை ஒவ்வொன்றாக எண்ணலாம். பிணங்களின் கன்னத்தில் மாவு வெடித்திருப்பது தெரிந்தது, அதில் எறும்பு ஊர்வது தெரிந்தது, கொள்ளைநோயில் செத்த ஒரு கிழவரின் கையில் வாட்ச் தெரிந்தது. கைவிடப்பட்ட காட்டுக்குப் பின்னால் டிரான்ஸ்பார்மரும் அதன் நிழலில் ஒரு வெள்ளாடும் தெரிந்தன. சத்தமும் அப்படித்தான். கோபி நாலு மூலையிலும் ஸ்பீக்கர் வைத்திருந்தான். முன்னால் பிணங்கள் உறும, பின் மூலையிலிருந்து "பிரியாணி வந்திருச்சு" என்று ஒரு குரல் தெளிவாகக் கேட்டது. மன்றமே திரும்பிப் பார்த்தது.

அப்பா ஆரம்பித்துவிட்டார்.

"இந்தச் சிரிக்கிற பயதான் மொதல்ல."

சிரித்தவன் செத்தான்.

"அடுத்து அந்தா ஓரமா ஒதுங்குறான் பாரு" என்றார் நல்லதம்பி. இவருக்கும் இந்த வியாதி தொற்றியிருந்தது.

"அந்தப் புள்ள கல்யாணம்னு வாயத் தொறந்துட்டா. முடிஞ்சுச்சு."

"பாவம், நல்லாப் பேசுச்சு" என்றார் நல்லதம்பி.

ஒருத்தரை விடவில்லை. பின்னால் இருந்தவர்கள் அடுத்தது யார் என்று இவர்களையே கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். எனக்கு எரிச்சலாக இருந்தது, ஆனால் அந்த எரிச்சல் எனக்குப் பழக்கமானது, அதில் ஒரு தைரியம் இருந்தது. கதாநாயகன் கோயிலை நோக்கி ஓடினான். பிணங்கள் துரத்தின. முதல் பிணம் செருப்பைக் கழற்றியதும் மன்றத்தில் சிரிப்பு வெடித்தது. அவரவர் பிணத்தை அடையாளம் சொல்லிக் கத்தினார்கள். உதயசூரியன் எழுந்து நின்று கும்பிட்டார்.

அந்தச் சிரிப்புக்கு நடுவில்தான் கவனித்தேன். அப்பா பேசவில்லை. நல்லதம்பியும் பேசவில்லை. இருவரும் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தார்கள். அப்பா பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து இரண்டு கண்ணையும் ஒற்றிக்கொண்டார்.

கதாநாயகன் ஜன்னலில் குதித்தான். பிணங்கள் வெளியே வந்தன. இடது மூலையில் கண்ணாடி போட்ட ஒரு பிணம் அறுந்த செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு முழித்தது. அதன் எதிரே இன்னொன்று வந்து நின்றது. அந்த நொடியில் திரை மங்கியது. எல்லாம் கரைந்து வெள்ளையும் பழுப்புமாக ஆனது.

"ஃபோகஸ்ஸு, ஃபோகஸ்ஸு" என்று பின்னாலிருந்து சத்தம் போட்டார்கள். யாரோ விசில் அடித்தார்கள். கோபி திருப்பவில்லை. நான் கண்ணை மூடிக்கொண்டு, மாதாவே, இன்னும் கொஞ்ச நேரம், என்று வேண்டினேன்.

முதல் வரிசையில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. அப்பா எழுந்து பின்னால் திரும்பினார்.

"கோபி, தெளிவா வைப்பா. நாங்க பாக்கணும்."

கோபமாகச் சொல்லவில்லை. வயலில் மோட்டாரைப் போடச் சொல்கிற மாதிரி சாதாரணமாகச் சொன்னார். நல்லதம்பியும் திரும்பாமலே, "படத்தக் கொஞ்சம் பின்னால போயி ஆரம்பிடா" என்றார்.

விசில் நின்றுபோனது. படம் பின்னால் போனது, வளையம் திரும்பியது, எல்லாம் ஒன்றுகூடித் தெளிந்தது.

சுவர் அகலத்துக்கு அவன் முட்டி போட்டான். பனியன் முதுகில் போன் நம்பர். என் காலைப் பிடித்தபோது அவன் கை நடுங்கியது தெரிந்தது, அன்றைக்கு எனக்கு அது தெரியவில்லை. அவன் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தது தெரிந்தது. நான் அவனைப் பார்க்கவில்லை, செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன், என்ன பெண் நான். பிறகு அவன் எழுந்து உறுமிக்கொண்டு முள்ளுக்குள் ஓடினான். முதல் முள் குத்தியபோது அவன் உறுமல் மாறியது, பின் மூலை ஸ்பீக்கரில் அதுகூடக் கேட்டது.

யாரோ ஒருத்தர் கை தட்டினார். அப்புறம் நிறையப் பேர் தட்டினார்கள். சில பெண்கள் திரும்பி என்னைப் பார்த்தார்கள். எனக்குத் தரையைப் பிளந்துகொண்டு உள்ளே போய்விடலாம் போலிருந்தது. அதே சமயம் அந்தக் காட்சியை இன்னொரு தடவை போட மாட்டானா என்றும் இருந்தது. படம் ஓடியது. மிச்சம் இருந்தவர்கள் வரிசையாகச் செத்தார்கள். லாரி டிரைவர் திரும்பினான். அப்பா அதற்கும் ஒன்றும் சொல்லவில்லை.

வெளியே வந்தால் பட்டப்பகல். கண் கூசியது. செருப்பு மலைக்கு முன்னால் அப்பா தன் ஜோடியைத் தேடிக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் போய் நின்றேன்.

"அப்பா" என்றேன்.

"மாட்டுக்கொட்டாயிக்குப் பின்னால ஒரு செருப்பு வச்சிருந்தியே, அது எங்க போச்சுன்னு நெனச்ச?"

"நாய் தூக்கிட்டுப் போயிருச்சுன்னு."

"ஒத்தச் செருப்பத் தூக்குற நாயி உண்டு. ஜோடியாத் தூக்குற நாயி எங்கிட்டு இருக்கு?"

நான் என் செருப்பைத் தேடுகிற சாக்கில் குனிந்துகொண்டேன்.

"நாந்தான் எடுத்துட்டுப் போயி நல்லதம்பிட்டக் காட்டுனேன். ஒம் மவன் செருப்பு எங்க வீட்டுல எதுக்குக் கெடக்குன்னு கேட்டேன். ஒம் மவ எதுக்குத் தூக்கிட்டு வந்தான்னு அவன் கேட்டான். அதுல வளந்துருச்சு." குனிந்து ஒரு செருப்பைப் புரட்டினார், அவருடையது இல்லை, விட்டுவிட்டார். "அப்பறம் இந்தப் படம் தியேட்டருக்கு வந்துச்சுல்ல. அன்னைக்குச் செருப்பு அறுந்துச்சு, அதான் குடுத்தான்னு இங்கிட்டு ஒரு பேச்சு, அங்கிட்டு ஒரு பேச்சு. என்னதான் நடந்துச்சுன்னு படத்துலயே பாத்துருவோம்னு போனேன். ஒண்ணும் தெரியல, ஒரே இருட்டு. என் கண்ணுதான் போச்சுன்னு பக்கத்துல இருந்தவன்ட்ட, ஒனக்காச்சும் தெரியுதாய்யான்னு கேட்டேன். எனக்கும் தெரியலன்னான். கொரலக் கேட்டுத் திரும்பிப் பாத்தா நல்லதம்பி."

இதைச் சொல்லும்போது அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

"அதுக்குத்தான் கண் ஆபரேஷனா?"

"தெளிவா வருதுன்னு உதயசூரியன் சொன்னான். அதத் தெளிவாப் பாக்க வேணாமா?"

கொஞ்ச தூரத்தில் கோபி ஒயரைச் சுற்றிக்கொண்டே எங்களைப் பார்த்துக்கொண்டு நின்றான். நல்லதம்பி அவன் காதில் ஏதோ சொன்னார். அவன் சுற்றிய ஒயரை எல்லாம் மறுபடி கீழே போட்டுவிட்டான்.

"பாத்துட்டீங்கள்ல" என்றேன். "என்ன தோணுச்சு?"

அப்பா தன் ஜோடியைக் கண்டுபிடித்து மாட்டிக்கொண்டார். "அவ்வளவு முள்ளு. அந்தப் பய கீழ குனிஞ்சுகூடப் பாக்காம ஓடுறான்" என்றார். பிறகு, "கல்யாணத்த எந்தக் கோயில்ல வைக்கிறதுங்கிறதுல மட்டும் நானும் நல்லதம்பியும் இன்னும் அடிச்சுக்கிட்டுத்தான் இருக்கோம். அது முடியுறப்ப முடியட்டும்" என்றார்.

எனக்குக் கண்ணாடி நனைந்து எல்லாம் மங்கலாகிவிட்டது. கழற்றித் துப்பட்டாவில் துடைத்தேன். இரண்டு வருஷம் நான் பயந்த பயம், பஸ்ஸில் தள்ளித் தள்ளி உட்கார்ந்தது, அவன் பெயரை மாற்றிப் போனில் வைத்தது, எல்லாம் நினைவுக்கு வந்து அவர் மேல் கோபமாகத் திரும்பியது.

"எல்லாம் தெரிஞ்சும் ரெண்டு வருசமா ஏம்பா ஒரு வார்த்த சொல்லல?"

அப்பா குவியலில் என் செருப்பைக் கண்டுபிடித்து, காலால் என் பக்கம் தள்ளிவிட்டார்.

"படம் ஓடிக்கிட்டிருக்கப்பக் கதையச் சொன்னா ஒனக்குத்தான் ஆகாதே."